வாலில் கொஞ்சம் கனம்

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தால் அது மாமனார்தான். ஒரு தடவை அடிப்பார். கதவு திறந்ததும் ஆளைப் பார்க்க மாட்டார், கீலைப் பார்ப்பார். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கதவையும் நம்பி உள்ளே வந்து பழக்கமில்லை.

"எண்ணெய் விடணும், மாப்ள."

"போன வாரம்தான் விட்டீங்க, மாமா."

"அது போன வாரம்."

கருவிப் பெட்டியோடு நேரே சாப்பாட்டு மேசைக்குப் போவார். அந்த மேசையில் தட்டு வைத்துப் பல மாதம் ஆகிறது. அங்கே ஒரு விமானம் கிடந்தது. ரேடியோவில் ஓட்டும் சின்னப் பயிற்சி விமானம். இறக்கை மேசையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீண்டிருந்தது. வால் ஒரு நாற்காலியில். மோட்டார் சர்க்கரை டப்பாவின் மூடிமேல்.

மாப்பிள்ளையான அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவன். நாள் முழுக்க "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். இந்த மனுஷனுக்கு ஏதாவது கைவேலை வேண்டும் என்று அவன் மனைவி வாங்கி வைத்த பெட்டி அது. அவன் பிரிக்கவில்லை. பிறகு அவள் இறந்துபோனாள். பெட்டி அலமாரி மேலேயே இருந்தது.

இரவல் கொடுத்திருந்த ஏணியைத் திருப்பிக் கொண்டுபோக வந்த மாமனார்தான் அதைப் பார்த்தார். கீழே இறக்கி, தூசி தட்டி, அளவெடுத்து வெட்டிய மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதக் கட்டி முடிக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறேன், மாப்ள. தனியாச் செஞ்சா கெடுத்துடுவீங்க."

அந்தப் பேச்சில் ஒரு வசதி இருந்தது, ஒரு சிக்கலும் இருந்தது. வசதி என்னவென்றால், வருவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. மாமனாருக்குக் காரணம் தேவைப்பட்டது. சொந்தக்காரர்கள் அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள்: பையன் சின்ன வயசு, நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன், மகளே இல்லாத வீட்டில் போய்ப் போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? விமானம் கட்டப் போகிறேன் என்றால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

சிக்கல் அந்த "முடிக்கிற வரைக்கும்".

முடிந்துவிட்டால் அவர் வர மாட்டார். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. வாரத்தில் ஆறு நாள் அவன் யாரோடும் பேசுவதில்லை. கண் சோதனையைப் பேச்சு என்று சொல்ல முடியாது. ஏழாவது நாள் ஒருவர் வந்து கீலைக் குறை சொல்வார், "மாப்ள" என்பார், டீயில் சர்க்கரை போதவில்லை என்பார். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்ற ஆறு நாளையும் அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

எனவே அவன் வேலையை இழுத்தடித்தான். வெளியே தெரியாதபடி, பக்குவமாக. தேய்த்த பலகையையே மறுபடி உப்புத்தாளால் தேய்த்தான். இறக்கையின்மேல் பளபளக்கும் சிவப்புத் தாளைச் சூடாக்கி ஒட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியால் செய்கிற வேலை. ஒரு சுருக்கத்தைக் காட்டி முழுத் தாளையும் உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"இந்தச் சுருக்கம் என் மூஞ்சியில இருக்கறதவிடக் கம்மி, மாப்ள."

"பறக்கும்போது காத்து பிடிச்சிக்கும், மாமா."

"அப்ப உரிங்க. காத்து பிடிக்கக் கூடாது."

அவர் ஒத்துக்கொண்ட வேகம் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் மாமனாரின் கைவேலையே அப்போதெல்லாம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆயுசு முழுக்க லிஃப்ட்டைக் கழற்றி மாட்டியவர், இறக்கையின் விலா எலும்புகளில், அதாவது உள்ளே நிற்கும் குறுக்குக் கட்டைகளில், பாதியைத் தலைகீழாக ஒட்டினார். தொட்டதும் ஒட்டும் பசையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வாலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு ஞாயிறு முழுக்க வால் பிடித்தவராகவே உட்கார்ந்திருந்தார். சக்கரத்தின் திருகு ஒன்று காணாமல் போனது. இரண்டு பேரும் டார்ச் அடித்துச் சோபாவுக்கு அடியில் தவழ்ந்தார்கள். கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவரே எங்கிருந்தோ அதே மாதிரி திருகு ஒன்றைக் கொண்டுவந்தார். அச்சு அசல் அதேதான்.

வயசாகிறது பாவம் என்று அவன் நினைத்தான். இந்த வேகத்தில் போனால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று கணக்கும் போட்டான்.

ஆனால் விமானம் கேட்கவில்லை. இரண்டு பேர் இவ்வளவு அக்கறையாகக் கெடுத்தும் அது ஒருநாள் முடிந்துவிட்டது. மோட்டார் சுற்றியது. வால் சொன்ன பேச்சைக் கேட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, எடை சமன் பார்ப்பது.

இறக்கையின் அடியில், முன் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் புள்ளி வைத்திருக்கும். அந்த இரண்டு புள்ளிகளில் விரல் நுனியைக் கொடுத்து விமானத்தைத் தூக்க வேண்டும். மட்டமாக நின்றால் சரி. மூக்கு தொங்கினால் மூக்கில் கனம். வால் தொங்கினால் வாலில் கனம், அது இன்னும் மோசம், மேலே போனதும் தறிகெட்டுப் போகும். எது தொங்கினாலும் பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தி, ஈயம் ஒட்டி, நாள் கணக்கில் மல்லுக்கட்டலாம். அவன் அந்த மல்லுக்கட்டைத்தான் நம்பியிருந்தான்.

மாமனார் வீட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பேட்டரியை மூக்குக்குள் பொருத்தினார். அவன் விரல் கொடுத்துத் தூக்கினான்.

நின்றது. தராசு முள் மாதிரி நின்றது.

மாமனார் குனிந்து இரண்டு புள்ளிகளையும் பார்த்தார்.

"சரியா நிக்குதே," என்றார் மாமனார், யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்ட குரலில்.

"ஆமா. நிக்குது."

"ஃபேன் காத்தா இருக்குமோ?"

ஃபேனை நிறுத்தினார்கள். நின்றது.

"மேசை மட்டமா இருக்கான்னு பாக்கணும்," என்றான் அவன்.

"விரல்லதான மாப்ள இருக்கு, மேசைக்கு என்ன வந்துது?"

மாமனார் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தார். ஒரு இலை அசையவில்லை. "காத்து ஜாஸ்தியா இருக்கு," என்றார். "இன்னிக்குப் பறக்க விட முடியாது. அடுத்த வாரம் இன்னொருக்காத் தூக்கிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"அதுவும் சரிதான், மாமா."

அந்த வாரம் அவன் டயர் கடைக்குப் போனான். சக்கரம் ஆடாமலிருக்க ஓரத்தில் ஒட்டுவார்களே, அந்த ஈயக் கட்டிகள் கொஞ்சம் வாங்கினான். வாலின் அடியில் தாளைக் கீறி, உள்ளே ஈயத்தை ஒட்டி, மேலே அதே சிவப்பில் ஒரு துண்டு வைத்து இஸ்திரி போட்டான். கண் சோதிக்கிறவன் கண்ணுக்கே ஒட்டு தெரியவில்லை. மனசு உறுத்தியது. ஆனால் அடுத்த ஞாயிறு வால் தொங்குவதையும், "அடடா, வாலில் கனம்" என்று தான் சொல்லப்போவதையும், அவர் தலையைச் சொறிவதையும் நினைத்தபோது உறுத்தல் போய்விட்டது.

ஞாயிறு வந்தது. கீல், எண்ணெய், மாப்ள. அவன் டீ போடப் போனான். மாமனார் பேட்டரியை மாட்டினார். டீயை வைத்துவிட்டு, நடிப்பு வெளியே தெரியாமல் அவன் விமானத்தைத் தூக்கினான்.

மட்டமாக நின்றது.

வாலில் அவ்வளவு ஈயம் இருக்கிறது, அவன் கையால் ஒட்டியது. வால் தொங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்தது, கல்லூரியில் படித்தது எல்லாம் தொங்கச் சொல்கிறது. விமானம் மட்டும் அதையெல்லாம் படிக்காதது மாதிரி நிற்கிறது.

நிமிர்ந்தான். மாமனாரின் முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது. டீ டம்ளர் பாதி வழியில் நின்றிருந்தது.

"நிக்குது?" என்றார்.

"நிக்குது."

"நல்லாப் பாருங்க மாப்ள. நீங்க கண்ணு பாக்குறவரு. மூக்கு ஒரு நூலாவது இறங்கல?"

"இல்ல மாமா. வால் இறங்குதா பாருங்க."

"வாலு எதுக்கு இறங்கணும்?"

"சும்மா கேட்டேன்."

அன்றும் காற்று அதிகமாக இருந்தது.

அடுத்த வாரம் அவன் மறுபடி டயர் கடைக்குப் போனான். கடைக்காரர், "என்ன வண்டி சார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் வந்தான். இந்தத் தடவை கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஞாயிறன்று விமானத்தைத் தூக்கியபோது மூக்கு ஒரு நூல், ஒரே நூல், கீழே இறங்கியது. அது தப்பே இல்லை. பயிற்சி விமானத்துக்கு அந்த ஒரு நூல்தான் உத்தமம் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. முன்பைவிட நன்றாகிவிட்டது.

மாமனார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "என் அனுபவத்துல இப்படி ஒண்ணப் பாத்ததில்ல, மாப்ள."

"நானும்தான் மாமா."

"லிஃப்ட்ல பெட்டிக்கு ஒரு கல்லு எதிர்ல தொங்கும். இதுல எது எங்க தொங்குதுன்னே தெரியல."

அதற்கடுத்த ஞாயிறு அழைப்பு மணி இரண்டு தடவை அடித்தது. மாமனாரின் வண்டி பழுது. அவரைக் கொண்டுவந்து விட்டது சின்னவள், அவருடைய இளைய மகள், அவன் மனைவியின் தங்கை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டே பழகியவள். பேச்சிலும் அப்படித்தான், யாரையும் ஒரு வாக்கியத்துக்குமேல் ஓட விடமாட்டாள்.

"அத்தான், எங்க உங்க ஏரோப்ளேன்? வீட்ல அம்மா கேக்குறாங்க, நிஜ விமானத்தக்கூட இவ்வளவு நாள் செய்ய மாட்டாங்களாமே."

"தொடாத," என்றார் மாமனார். "நுணுக்கமான நிலைமைல இருக்கு."

"தொடாத," என்றான் அவனும்.

இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதால் அவள் தொட்டாள். ஒரு கையால் தூக்கப் போனவள் இரண்டாவது கையையும் கொடுக்க வேண்டியிருந்தது.

"என்னப்பா இது, இஸ்திரிப் பெட்டி மாதிரி கனக்குது? பால்சாக் கட்டை, பஞ்சு மாதிரி இருக்கும்னு சொன்னீங்க?"

சக்கரத்தின் கம்பிக் கால்கள் இரண்டும் அகலமாக விரிந்து கிடந்ததை அப்போதுதான் மூவரும் பார்த்தார்கள். சுமை தூக்கி உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாத மாதிரி.

அவள் பேட்டரி மூடியைத் திறந்து மூக்கைக் கவிழ்த்து உலுக்கினாள். மேசைமேல் கலகலவென்று இரும்பு வாஷர்கள் கொட்டின. பெரியது, சின்னது, டேப் ஒட்டியது, எண்ணெய்ப் பிசுக்கோடு. ஒன்று உருண்டு சர்க்கரை டப்பாவில் முட்டி நின்றது.

"அப்பா, இது உங்க லிஃப்ட் வாஷர்தான?"

மாமனார் மேல்கூரையைப் பார்த்தார்.

அவன் வாஷர்களைப் பார்த்தான். அவன் டீ போடப் போகும்போதெல்லாம், பேட்டரியை நானே மாட்டுறேன் என்று அவர் சொன்னது இதற்குத்தானா? காணாமல் போய்த் திரும்பி வந்த திருகு, தலைகீழ் விலா எலும்பு, வால் பிடித்த ஞாயிறு. மனுஷனுக்கு வயசாகவே இல்லை. முதலில் அவனுக்குக் கோபம் மாதிரி ஒன்று வந்தது. பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று. அது வந்து ரொம்ப நாளானதால் என்னவென்று அவனுக்கே உடனே பிடிபடவில்லை.

"ஏன் மாமா இப்படி?"

"மூக்குல கனம் இருந்தா நல்லதுன்னு..."

சின்னவள் விடவில்லை. "இவ்வளவு மூக்குல போட்டும் மட்டமா நிக்குதுன்னா, வால்ல என்ன இருக்கு?" வாலைத் திருப்பி, அடிப்பக்கம் நகத்தால் தடவினாள். ஒட்டுத் துண்டு உரிந்தது. ஈயக் கட்டிகள் வரிசையாக ஒட்டிக் கிடந்தன.

இப்போது மேல்கூரையைப் பார்ப்பது அவன் முறை.

"ஏன் மாப்ள இப்படி?"

"காத்து ஜாஸ்தியா இருக்கேன்னு..."

சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் அந்த அறையில் யாரும் தயாராக இல்லை.

"ரெண்டும் லூசு," என்றாள். "எல்லாத்தையும் பிச்சு எடுங்க. இன்னிக்கே பறக்க விடணும். நான் வண்டியத் திருப்பி வைக்கிறேன்."

பிய்த்து எடுத்தார்கள். ஈயம் ஒரு கிண்ணம் நிறைய, வாஷர் ஒரு கிண்ணம் நிறைய. மறுபடி விரலில் தூக்கிப் பார்த்தபோது விமானம் முதல்நாள் நின்ற மாதிரியே நின்றது. அவர்கள் இவ்வளவு நாள் அதற்குச் செய்தது எதையும் அது மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. ஓரத்தில் வேலி, அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவன் மதிய இடைவேளைகளில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகியிருந்தான். அதில் நூறு தடவை மோதியிருந்தான். மாமனார் விமானத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், ஓடி மெதுவாக விட வேண்டும்.

"வீசாதீங்க மாமா. தள்ளி விட்டாப் போதும்."

"லிஃப்ட்ல ஆள ஏத்தி அனுப்பறவன்யா நான். எனக்குத் தெரியாதா?"

ஓடினார். கையை விட்டார். விமானம் ஒரு முழம் இறங்கி, யோசித்து, மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. சிவப்பு இறக்கையில் வெயில் பட்டது. மாமனார் ஓடிய வேகத்தை நிறுத்தத் தெரியாமல் வேலி வரை போய்விட்டு வந்தார்.

தூரத்தில் திரும்பி அது அவர்களை நோக்கி வந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. எதிரே வரும் விமானத்தின் வலது பார்க்கிறவனுக்கு இடது. அவன் கையிலிருந்த ரிமோட்டின் குச்சியை வலதுபக்கம் தள்ளினான், அது இடதுபக்கம் சாய்ந்தது.

"லெஃப்ட்! லெஃப்ட்!" சின்னவள் கத்தினாள். "உங்க லெஃப்ட் இல்ல அத்தான், அதோட லெஃப்ட்!" அவளுடைய வலது கால் புல்லில் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

சமாளித்தான். விமானம் தலைக்குமேல் வட்டமடித்தது. மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். சின்னவள் காதில் விழாத அளவுக்குக் குரலை இறக்கினார்.

"மாப்ள. லேசா ஒரு தட்டு தட்டினாப் போதும். றெக்கை மட்டும்தான் போகும். ஒரு ஆறேழு மாச வேலை."

அவன் அவரைப் பார்க்கவில்லை. அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். விரல் நுனியில் ஒரு சின்ன அசைவு. உடைந்த இறக்கை, மறுபடி பசை, மறுபடி உப்புத்தாள், மறுபடி ஞாயிறு. குச்சியை முன்னே தள்ளினான். மூக்கு கவிழ்ந்தது. விமானம் சீறிக்கொண்டு இறங்கியது. தரை நெருங்க நெருங்க சிவப்பு பெரிதானது. இஸ்திரி போட்ட தாள். உரித்து மறுபடி ஒட்டிய தாள்.

விரல் தானாகக் குச்சியை விட்டுவிட்டது. அவன் விடச் சொல்லவில்லை.

கையை விட்டதும் விமானம் தானே மூக்கை நிமிர்த்தி, தானே இறக்கையை மட்டமாக்கி, புல்லை உரசாத குறையாகப் பறந்து மறுபடி ஏறியது. பயிற்சி விமானம் அப்படித்தான். ஓட்டுகிறவன் மடத்தனம் செய்தால் மன்னித்துவிட்டு நேராகப் போகும்படி செய்தது. அப்படிச் செய்ததும் இவர்கள்தான்.

"என்ன மாப்ள?"

"வரல மாமா."

"எனக்கும்தான் வராது," என்றார் மாமனார். "சொல்றது சுலபம்."

பேட்டரி தீரும்வரை பறக்கவிட்டு, அவன் இறக்கினான். சக்கரம் புல்லில் பட்டு, ஒரு துள்ளல், இன்னொரு சின்னத் துள்ளல், நின்றது. ஒரு கீறல் இல்லை. சின்னவள் கைதட்டினாள். மற்ற இருவரும் போட்டியில் தோற்றவர்கள் மாதிரி நடந்துபோய் அதை எடுத்து வந்தார்கள்.

மாமனார் கருவிப் பெட்டியைத் திறந்து, பயன்படுத்தாத ஸ்பேனர்களைக்கூடத் துடைத்து உள்ளே வைத்தார். வைத்ததை எடுத்து இன்னொரு தடவை துடைத்தார்.

"சரி," என்றார். "வேலை முடிஞ்சுது."

சின்னவள் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். இந்த இடத்தில் பிரேக் போடக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, மாமா," என்றான் அவன்.

"எதுக்கு? ஏதாவது ரிப்பேரா?"

கீலைச் சொல்லலாம். குழாய் ஒழுகுகிறது என்று சொல்லலாம். இன்னொரு பெட்டி வாங்கியிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். எல்லாம் வாய்வரை வந்தது. அவனுக்கு ஈயம் சுமந்து அலுத்துவிட்டது.

"ஒரு ரிப்பேரும் இல்ல. நீங்க வராட்டி எனக்கு நாள் போக மாட்டேங்குது. அதுக்குத்தான்."

மாமனார் பெட்டியின் கொக்கியை மாட்டினார். மாட்டிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே மாட்டியிருந்த கொக்கி.

"யாராவது கேட்டா?"

"மாப்பிள்ளை கூப்பிட்டாருன்னு சொல்லுங்க."

"அப்ப சரி," என்றார். "டீல சக்கரை கொஞ்சம் கூடப் போடணும். இத எப்படிக் கேக்கறதுன்னு இத்தன நாளா..."

"வாராவாரம் கேட்டீங்களே, மாமா," என்றான் அவன்.

"அது சொன்னது. கேக்கல."

அடுத்த ஞாயிறு அவர் கருவிப் பெட்டி இல்லாமல் வந்தார். வெறுங்கையோடு வாசலில் நின்றபோது ஏதோ உடுப்பில்லாமல் வந்தவர் மாதிரி கூச்சப்பட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார், கடைசியில் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மேசையைத் துடைத்து வைத்திருந்தான். இரண்டு தட்டு போட்டு இருவரும் சாப்பிட்டார்கள். பேச ஒன்றும் கிடைக்கவில்லை. விமானத்தைப் பற்றியே எல்லா வாரமும் பேசியிருந்தார்கள். அது இல்லாமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்த மாதிரி இருந்தது. சாப்பிட்டதும் மாமனார் சோபாவில் சாய்ந்தார். சாய்ந்த கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது.

போன் அடித்தது. அது சின்னவள்.

"என்ன அத்தான் பண்றீங்க ரெண்டு பேரும்?"

"தூங்குறாரு."

"நீங்க?"

அவன் சோபாவைப் பார்த்தான்.

"காலை மேசைமேல போட்டிருக்காரு. எடுக்கச் சொல்லலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"எடுக்கச் சொல்லுங்க, கெட்ட பழக்கம்."

"இருக்கட்டும்," என்று சொல்லி அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சாயங்காலம்தான போவாரு."